தனியாக ஒரு நாள்: எழும்பூரா, ஈ.சி.ஆரா, தஞ்சாவூரா?

போன வருடம் வீட்டோடு எழும்பூர் மியூசியம் போனோம். ஆறு பேர். வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்துக்குள் நுழைந்து வெளியே வர பதினொரு நிமிடம் ஆனது. கைக்கடிகாரத்தில் பார்த்துத்தான் சொல்கிறேன். மாமாவுக்கு முட்டி வலி. அக்காவுக்குப் பசி. அக்கா பையனுக்குத் திமிங்கில எலும்புக்கூட்டைத் தவிர எதிலும் கண் போகவில்லை. நான் ஒரு நடராஜர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். முதுகில் தட்டி, "இதே மாதிரி நம்ம கோயில்லயும் இருக்குல்ல, வா" என்றார் மாமா.

அடுத்த முறை தனியாகத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனதற்கு ஈடாக இப்போது ஒரு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. சினிமாவுக்குத் தனியாகப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் அம்மா இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். "மியூசியத்துக்கா? தனியாவா? எதுக்கு?" என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றாவதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. பிடித்த ஒன்றின் முன்னால் பிடிக்கிற வரை நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் எந்த இடம் தேறும் என்று பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

சென்னையில் இருக்கிற ஒருவருக்கு ஒரு நாளுக்குள் அடங்குகிற மாதிரி மூன்று வழி எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, எழும்பூர் அரசு அருங்காட்சியகம். இரண்டாவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) சோழமண்டலம் ஓவியர் கிராமமும் தட்சிணசித்ராவும். மூன்றாவது, ராத்திரி ரயில் ஏறி தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம். மூன்றுக்கும் நான் போயிருக்கிறேன், பெரும்பாலும் யாராவது கூட இருந்தார்கள்.

முதலில் கிழமை. இதைப் பார்க்காமல் கிளம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை. ஞாயிறு எங்கேயும் கூட்டம்தான். வார நாளில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள், ஆனால் ஒரு கூடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள். சுவரோரம் ஒதுங்கி நின்றால் அலை மாதிரி வந்து போய்விடும். எனக்குக் கிடைத்தது புதன்கிழமை, ஆகவே மூன்றுமே திறந்திருக்கும்.

ஈ.சி.ஆரில் இருந்து தொடங்குகிறேன். கேட்ட நண்பர்கள் எல்லோரும் முதலில் சொன்னது அதைத்தான். "கடல் காத்து, மரம், அமைதி, தனியா போறதுக்கு அதுதான் சரி."

சோழமண்டலத்தின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். படித்து முடித்த பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்காக ஏதோ ஒரு குமாஸ்தா வேலையில் சேர்ந்து தூரிகையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்களே என்று அவருக்குக் கவலை. ஓவியர்கள் சேர்ந்து, மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966ல் கிராமம் பிறந்தது. கொஞ்ச நேரம் கைத்தொழில், மற்ற நேரம் தன் படம், இதுதான் ஏற்பாடு. அன்று அது மணல்மேடும் சவுக்குத் தோப்புமான இடம். இன்று அந்த நிலத்தின் விலையை நினைத்தால் தலை சுற்றும்.

அங்கே உள்ள அருங்காட்சியகம் சின்னது. தனியாகப் போகிறவருக்கு அது ஒரு வசதி. ஒரு மணி நேரத்தில் இரண்டு சுற்று வந்துவிடலாம்: முதல் சுற்றில் எல்லாவற்றையும், இரண்டாவது சுற்றில் பிடித்ததை மட்டும். பணிக்கர் அறுபதுகளில் தொடங்கிய 'வார்த்தைகளும் குறியீடுகளும்' வரிசைப் படங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள், கணக்கு நோட்டு மாதிரி எண்கள், ஏதோ ஒரு லிபி மாதிரி சுழிகள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்ப்போம், ஒரு வார்த்தையும் வராது. பாட்டி வீட்டுப் பெட்டியடியில் கிடைத்த யாரோ ஒருவருடைய ஜாதக ஓலையைப் புரட்டும் உணர்வு எனக்கு. அவருடைய படங்களில் பெரும் பகுதி திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலுள்ள காட்சிக்கூடத்தில் இருக்கிறது, எல்லாம் இங்கேயே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெளியே தோட்டத்தில் நிற்கும் சிற்பங்களை அவசரமில்லாமல் சுற்றிப் பார்க்கலாம். நந்தகோபால் போன்றவர்கள் உலோகத் தகட்டைப் பற்றவைத்துச் செய்த உருவங்களை முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். பற்றவைத்த தழும்புகளில்தான் அந்தக் கை தெரியும்.

அங்கிருந்து பஸ் பிடித்து முட்டுக்காடு. தட்சிணசித்ரா 1996 டிசம்பரில் திறந்தது. இடிக்கப்போகிற பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணாகக் கழற்றி எடுத்து வந்து இங்கே மறுபடி பூட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடு, ஆந்திரக் கடற்கரையின் வட்டக் குடிசை. வளாகத்தின் வரைபடத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை இருக்கிறது. நல்ல இடம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் தனியாகப் போனால் ஒரு சங்கடம் உண்டு. வீடு என்பது நாலு பேர் நடமாட வேண்டிய இடம். முற்றத்தில் பிள்ளைகள் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருக்கும், கிளி ஜோசியர் முன்னால் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும், தூணுக்கு ஒரு ஜோடி புகைப்படம் எடுத்துக்கொண்டிருக்கும். நடுவில் நாம் ஒரு ஆள், கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் வந்த மாதிரி. ஒரு திண்ணையைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் பிழைத்தோம். அந்தத் திண்ணையில் ஒரு மதியம் முழுக்க இருக்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மார்கழி, தை என்றால் இந்த வழிக்கு முழு மார்க். சித்திரையில் என்றால், ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவில் வெயிலில் நடக்க வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ஈ.சி.ஆரில் நிற்காமல் பறக்கிற பஸ்களையும் கணக்கில் சேருங்கள். சொந்த வண்டி இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

அடுத்தது தஞ்சாவூர். ஒரு நாள் வெளியே போவதற்கு சுமார் 340 கிலோமீட்டரா என்று சிரிப்பீர்கள். ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியலில் தஞ்சாவூர். பகல் முழுக்கச் சுற்றிவிட்டு அடுத்த ராத்திரியே திரும்பிவிடலாம். ஒரு நாள் விடுப்பு, இரண்டு ராத்திரி ரயில். முதுகு சம்மதித்தால் போதும்.

அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்துக்கு நான் போனது ஒரே ஒரு சிலைக்காக. திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளை வாகனச் சிவன். கோயில் கல்வெட்டு வழியாக 1011 என்று ஆண்டே தெரிகிற அபூர்வமான சிலை. பெரிய கோயில் முடிந்த மறு வருடம். நான்கு கை, மான், மழு எதுவும் இல்லை. இரண்டே கை, கால்மேல் கால் மாற்றிப்போட்டு நிற்கிறார். சடையையே தலைப்பாகையாகச் சுற்றியிருக்கிறார். ஒரு கை தொடையோரம் சும்மா கிடக்கிறது. இன்னொரு கை பக்கத்தில் நிற்கும் காளையின் மேல் சாய்ந்திருக்கிறது. காளைதான் இல்லை. அது போய்விட்டது. வெறும் காற்றின் மேல் முழங்கையை ஊன்றி, ஊர்ச் சாவடியில் பேச்சுக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் மாதிரி நிற்கிறார். விரல்கள் தளர்ந்து தொங்குவதைப் பார்த்தால் அங்கே காளை இருப்பதை நம்பிவிடுவோம். பக்கத்தில் அம்மன், 1012ல் செய்தது.

தஞ்சாவூரின் சிக்கல் வேறு. அந்த ஊருக்குப் போய்விட்டுக் கலைக்கூடத்தை மட்டும் பார்த்து வர மனசு கேட்காது. பெரிய கோயில் கூப்பிடும். சரஸ்வதி மகால் நூலகம் பக்கத்திலேயே. கோயில் மதியம் நடை சாத்துவார்கள், அதற்கேற்ப ஓட வேண்டும். கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் இருக்கிற சோழர் ஓவியங்கள் 1931ல் வெளிச்சத்துக்கு வந்தவை. அங்கே பொதுமக்களை விடுவதில்லை என்று தெரிந்தும் அந்தச் சுவர்ப் பக்கம் ஒரு முறை நடந்துவிட்டு வரத் தோன்றும். கடைசியில் சிலை முன்னால் நிற்கிற நேரம் சுருங்கிவிடும். ரயில் விடியலில் இறக்கிவிடுவதால் குளிக்க, பையை வைக்க ஒரு அறை தேவை. ஒரு ஆளுக்காக அறை எடுப்பது காசுக்கும் கேடு, தனியாக வந்த பெண்ணுக்கு ரிசப்ஷனில் நாலு கேள்வியும் கூடுதல். ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் முகம் கழுவிக்கொண்டு சமாளிக்கிறவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அந்தத் தெம்பு போய்விட்டது.

இனி எழும்பூர்.

எல்லோருக்கும் தெரிந்த இடம் என்பதாலேயே யாரும் போகாத இடம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. 1851ல் தொடங்கியது, நாட்டிலேயே இரண்டாவது பழையது, கொல்கத்தாவுக்கு அடுத்து. மெட்ரோவில் எழும்பூரில் இறங்கி ஆட்டோ வைத்தால் பாந்தியன் சாலை பக்கம்தான். மூன்று வழிகளில் செலவு குறைந்ததும் இதுதான். வளாகம் பெரிது: எலும்புக்கூடு, நாணயம், கல்வெட்டு, செடிகொடி என்று தனித்தனிக் கட்டடங்கள். அதுதான் பொறி. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் எதுவும் கண்ணில் நிற்காது. தனியாகப் போவதன் பெரிய லாபமே, டிக்கெட் வாங்கியாச்சே என்று எல்லாக் கூடத்துக்கும் இழுத்துப் போக ஆள் இல்லை என்பது. நான் இரண்டு கூடங்களோடு நிறுத்திக்கொள்வேன்.

முதலில் அமராவதிக் கற்கள். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்த ஸ்தூபத்தின் உடைந்த உடம்பு. 1797ல் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி அங்கே போனபோதே ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்து வேறு கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1845ல் இன்னொரு கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்தவை சென்னைக்கு வந்து, பிறகு அவற்றில் நிறைய லண்டனுக்குக் கப்பலேறின. மிச்சமும், பின்னால் தோண்டியதும் இங்கே. பளிங்கு என்று சொல்கிறார்கள், உண்மையில் சுண்ணாம்புக்கல்.

அதில் வட்டமான ஒரு கல்லைத் தேடிப் பிடியுங்கள். நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் காட்சி. ஒரே வட்டத்துக்குள் அதே யானை இரண்டு தடவை இருக்கிறது. ஒரு பக்கம் மதம் பிடித்துத் தெருவில் ஆட்களைத் தூக்கி எறிகிறது. இன்னொரு பக்கம் புத்தர் காலடியில் மண்டியிட்டிருக்கிறது. என் கண் யானையில் நிற்காது, மேலே மாடி ஜன்னல்களில்தான் நிற்கும். எட்டிப் பார்க்கிறார்கள். கீழே தெருவில் ஒரு பெண் பயத்தில் பக்கத்திலிருப்பவரைக் கட்டிக்கொள்கிறாள். ராஜகிருகத்துத் தெருவில் நடந்ததை நம்ம தெருவில் தண்ணீர் லாரி இடித்துவிட்ட மாதிரி மாடியில் இருந்து வேடிக்கை பார்க்கிறார்கள். ஒவ்வொரு முகமாக எண்ணிக்கொண்டே போனால் அரை மணி நேரம் ஓடிவிடும். கூட ஒருவர் இருந்தால் மூன்றாவது முகத்தில் "போலாமா?" வந்துவிடும்.

அப்புறம் வெண்கலக் கூடம். வெயிலில் இருந்து உள்ளே போனவுடன் கிடைக்கும் குளிர்ச்சிக்கே ஒரு கும்பிடு போடலாம். தனியாகப் போகிறவர் இங்கே மூன்று சிலைகளைத் தேர்ந்துகொண்டால் போதும் என்பது என் கட்சி.

திருவாலங்காட்டு நடராஜர் ஒன்று. சுற்றி நெருப்புத் திருவாசி இல்லை, பறக்கும் சடை இல்லை. கோயிலில் பூவும் பட்டும் மூடி முகம் மட்டும் தெரியப் பார்த்துப் பழகிய உருவம் இங்கே வெறும் உடம்பாக நிற்கிறது. தூக்கிய காலின் எடையை இடுப்பு எப்படித் தாங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். மாமாவுக்கு இதைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை: நம்ம கோயிலில் இருப்பது உண்மைதான், ஆனால் அங்கே நாம் பார்த்தது அலங்காரத்தை. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் நேரில் வந்ததே இல்லை. சென்னை நடராஜர்களின் புகைப்படங்களை மட்டும் பார்த்து அவர் உருகி எழுதியது, அவர் இறந்து நாலு வருடம் கழித்து 1921ல் அச்சானது. புகைப்படத்துக்கே அப்படி என்றால், மெட்ரோவில் வந்துவிடக்கூடிய நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று எனக்கு அவ்வப்போது உறுத்தும்.

இரண்டாவது, அர்த்தநாரி. இவரும் திருவெண்காடு. தஞ்சாவூரில் காளை இல்லாமல் நிற்கிறாரே, அவருடைய ஊர்க்காரர். நான் முதல் தடவை பார்த்தபோது இவருக்கு எத்தனை கை என்று கேட்டிருந்தால் நாலு என்று சொல்லியிருப்பேன். மூன்றுதான். சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று. எண்ணிப் பார்க்கிற வரை ஒரு குறையும் தெரியாது. பெண் பக்கத்து இடுப்பு வெளியே வளைந்து, அந்த ஒற்றைக் கைக்கு இடம் விட்டு, இரண்டு பக்கமும் எடை சரியாகிவிடுகிறது. எதிரே நின்று பாருங்கள், பிறகு நாலு அடி இடது பக்கம் நகருங்கள், பிறகு வலது பக்கம். நகர நகர ஆண் பெண்ணாக மாறுவதைக் காணலாம். இதையெல்லாம் மெழுகில் வடித்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றி, கடைசியில் மண் அச்சை உடைத்து எடுத்திருக்கிறார்கள். அச்சு உடைந்தபின் இதே மாதிரி இன்னொன்று கிடையாது. கை தவறியிருந்தால் முதலில் இருந்து மெழுகு.

மூன்றாவது, ராமன். வடக்குப்பனையூரில் கிடைத்த தொகுதி, சீதையும் லட்சுமணனும் உடன். வில்லைப் பிடித்த கை அப்படியே இருக்கிறது, விரல் மடங்கியபடி. வில் இல்லை. திருவெண்காட்டுக்காரருக்குக் காளை போனது மாதிரி.

இவ்வளவுதான். நாகப்பட்டினத்துப் புத்தர்கள் இருக்கிறார்கள், வரிசையாக, சின்னச் சின்னதாக. நேரம் இருந்தால் பாருங்கள். எந்தக் கூடம் திறந்திருக்கிறது, எது பராமரிப்பில் இருக்கிறது என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொண்டால் வெயிலில் நடப்பது மிச்சம். மதியம் எழும்பூர் ரயில் நிலையம் எதிரே சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒற்றை ஆளாகச் சாப்பிடுவது அங்கே யார் கண்ணிலும் படாது, பாதிப் பேர் ரயிலுக்குக் காத்திருக்கும் ஒற்றை ஆட்கள்தான். பழைய சிலை பார்த்த கண்ணுக்குப் புதியது கேட்டால் கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாதெமி இருக்கிறது, ஆட்டோவில் சின்னத் தூரம். அங்கே மாறி மாறிக் கண்காட்சி நடக்கும். வரைந்தவரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதும் உண்டு. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே படத்தைப் பார்ப்பது கொஞ்சம் கூச்சமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தனியாகப் போவதில் எல்லா இடத்துக்கும் பொதுவான சில தொல்லைகள் உண்டு. ஒரு ஊரில், பெயர் வேண்டாம், மதிய இடைவேளைக்குக் காவலர் விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மூலையில் குனிந்து பெயர்ப்பலகை படித்துக்கொண்டிருந்த நான் உள்ளே. பத்து நிமிடம் கழித்துத் தட்டித் தட்டித்தான் வெளியே வந்தேன். "தனியா வந்தா இப்படித்தாம்மா, கூட ஆள் இருந்தா பேச்சுச் சத்தம் கேக்கும்ல" என்றார் அவர். அன்றிலிருந்து உள்ளே போகும்போதே காவலரிடம் ஒரு வணக்கம் வைத்து, எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். ஒரே சிலை முன்னால் கால் மணிக்கு மேல் நின்றால் "காலேஜா மேடம்? ரிசர்ச்சா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். சும்மா பார்க்கிறேன் என்றால் சந்தேகம் கூடும். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கையில் இருந்தால் கேள்வியே வராது. எனக்கு வரைய வராது. இருந்தாலும் அர்த்தநாரியின் இடுப்பு வளைவை நாலு கோட்டில் போட்டுப் பார்த்தேன், அதற்குப் பிறகுதான் அந்த மூன்றாவது கை கணக்கு புரிந்தது.

ஆகவே, காரும் குளிர்ந்த மாதமும் இருப்பவர்கள், உட்கார்ந்து பொழுதைக் கழிக்க ஆசைப்படுபவர்கள் ஈ.சி.ஆர். போகலாம். அதிலும் ஒன்றை விட வேண்டும் என்றால் நான் தட்சிணசித்ராவை விட்டுவிட்டு சோழமண்டலத்தில் இரண்டாவது சுற்று போவேன். தட்சிணசித்ரா குழந்தைகளோடு போகும் நாளுக்கு இருக்கட்டும். ரயிலில் தூங்கத் தெரிந்தவர்கள், கோயிலின் இழுப்பைத் தடுக்கக்கூடியவர்கள் தஞ்சாவூர். எனக்குப் புதன்கிழமை எழும்பூர்தான். காலையில் கதவு திறக்கும்போது போய், அமராவதி, வெண்கலம், சாப்பாடு, கால் ஒத்துழைத்தால் கிரீம்ஸ் ரோடு. தஞ்சாவூருக்கு ஜனவரியில் உழவனில் ஒரே ஒரு லோயர் பெர்த் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

இதை அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழும்பூருக்குத் தனியாவே போயிக்கோ. தஞ்சாவூருக்கு ரெண்டு டிக்கெட்டா போடு. எனக்கு அந்தக் காளை இல்லாத சாமியப் பாக்கணும்."